ஊர்தியே வீடானவர்க்கு ஒரு மின்கணக்கு

(சரக்குந்து ஓட்டுநரும் பட்டறைத் தொழிலாளரும் கூடிய தமிழ்க்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இன்றைய உரை கைப்பேசிக்கு மின்னேற்றுவது பற்றியது. தமிழ்க்கூட்டத்தில் இதற்கென்ன வேலை என்று புலவருள் சிலர் புருவம் நெரிக்கலாம். பழம்பாட்டின் நயம் கேட்க வந்தவர்க்கு இஃது ஏமாற்றமாகவும் இருக்கலாம். ஆயினும், நள்ளிரவில் மின்கலப் பெட்டியைத் திறந்து இரு கம்பிகளைக் கையிற் பிடித்து நிற்கும் ஒருவன் வாயில் அந்நேரம் என்ன சொல் வருகிறது என்பதைப் பொறுத்தது ஒரு மொழியின் உயிர். அந்த ஒருவனைப் பற்றியதே இவ்வுரை.

நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்படும் சரக்குந்து குசராத்துக்கும் மகாராட்டிரத்துக்கும் பஞ்சாபுக்கும் அசாமுக்கும் போகிறது. போனவர் திரும்ப இரண்டு கிழமையும் ஆகும். திரும்புசரக்குக் கிடைக்காவிடின் ஒரு திங்களும் ஆகும். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளின் செய்தி இன்னும் கடியது. துளையிடும் பொறியோடு ஊரைவிட்டுப் போகும் குழுவினர் பல திங்கள் வேற்று மாநிலங்களிலேயே கழிக்கின்றனர். அவர்களுக்குச் சமையற்கட்டும் படுக்கையறையும் அலுவலகமும் எல்லாம் அந்த ஊர்தியே.

அவ்வீட்டில் கைப்பேசி பொழுதுபோக்குப் பொருளன்று. 2018 ஏப்பிரல் 1 முதல், 50,000 உரூபாவுக்கு மேற்பட்ட சரக்கை மாநிலம் கடத்திக் கொண்டுசெல்ல மின்வழிச்சீட்டு வேண்டும். 2021 தொடக்கத்திலிருந்து அச்சீட்டின் வாழ்நாள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. வண்டி பழுதாகி நின்றால் அதை நீட்டிக்க வேண்டும்; நீட்டிக்கச் சொல்லக் கைப்பேசி வேண்டும். சுங்கச்சாவடி வில்லையில் பணம் தீர்ந்த செய்தி அதில்தான் வருகிறது. எரிநெய்க்கு முதலாளி அனுப்பும் முன்பணமும், சரக்கு இறக்குமிடத்துக் கடவெண்ணும், வீட்டில் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தையின் குரலும் அதில்தான் வருகின்றன. அது கண்மூடிவிட்டால் ஓட்டுநன் பன்னூறு கிலோமீட்டர் தொலைவில் ஊமையாகிறான்.

ஆகவே அவன் என்ன செய்கிறான்? வழியோர உணவகத்தின் சுவரில் மாட்டிவிட்டு அதன்மேல் ஒரு கண்ணை வைத்தே தூங்குகிறான். விழிக்கையில் கைப்பேசி இருந்தால் நல்லூழ். இல்லையேல் கடைக்காரர் சொல்லைக் கேட்டுச் சில ஆயிரம் உரூபாவுக்கு 'இன்வெர்ட்டர்' என்னும் பெட்டியொன்றை வாங்கி மாட்டுகிறான். பெட்டியின் மேலுள்ள எழுத்தெல்லாம் ஆங்கிலம். பெரிய எண் எழுதியிருப்பதே நல்லது என்பது ஒன்றே அவனுக்குச் சொல்லப்பட்ட அறிவு.

இங்கேதான் வயிறெரிகிறது. அந்த ஓட்டுநன் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, திறன் என்னும் சொற்களையெல்லாம் எழுதித் தேர்ச்சி பெற்றவன். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தாற் பெருக்கினால் திறன். திறனை நேரத்தாற் பெருக்கினால் ஆற்றல். இந்த இரண்டு வரிக்கு மேல் அவனுக்கு வேண்டிய அறிவியல் எதுவுமில்லை. அது தமிழில் இருந்தது. அவன் மண்டையிலும் இருந்தது. ஆனால் அது தேர்வுத்தாளுக்கு உரியது என்று கற்பித்துவிட்டனர். வண்டிக்கு உரியது என்று எவரும் சொல்லவில்லை. தமிழில் கற்றது பிழைப்புக்கு உதவாது என்னும் பொய் இப்படித்தான் வேர்விட்டது.

அந்த இரண்டு வரியையும் இன்று வண்டிக்குக் கொண்டுவருவோம்.

முதலில் அலகுகளின் பெயர். 1800-இல் முதல் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்த இத்தாலியர் வோல்ட்டா. நீராவிப் பொறியைத் திருத்திய காட்டுலாந்தியர் வாட்டு. பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர். இவை மூன்றும் ஆட்பெயர்கள். ஆட்பெயரை மொழிபெயர்த்தல் கூடாது; தமிழெழுத்தால் எழுதிக்கொள்ளலாம். வகரத்தின்மேல் ஓகாரம் ஏறிச் சொன்முதலில் வருதல் இலக்கண நெறிக்கு ஒவ்வாது என்பது இங்குள்ள புலவர் அறிந்ததே. அதற்கொரு திருந்திய வடிவை அறிஞர் கூடி முடிவு செய்யட்டும். அதுவரை பட்டறையின் கணக்கு நின்றுபோதல் வேண்டா. இவ்வுரை வழங்கும் வடிவையே வழங்கும். ஒட்டுத்தாளில் 'வி' என்னும் ஆங்கில எழுத்து வோல்ட்டையும், 'ஏ' ஆம்பியரையும், 'டபிள்யூ' வாட்டையும் குறிக்கும். இம்மூன்று எழுத்தை அறிந்தவனுக்குப் பெட்டியிலுள்ள மற்ற ஆங்கிலம் பெரும்பாலும் விளம்பரமே.

இப்பொழுது கைப்பேசியின் பசி எவ்வளவு? இன்று பரவலாக உள்ள கைப்பேசியின் மின்கலம் 5000 மில்லி ஆம்பியர்-மணி. அதாவது 5 ஆம்பியர்-மணி. அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட்டு. இரண்டையும் பெருக்கினால் 19 வாட்டு-மணி சொச்சம். வழியில் சிந்துவதையும் சேர்த்து 25 என்று கொள்க. சரக்குந்தில் 12 வோல்ட்டு மின்கலங்கள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட்டாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால் 24-ஐ 100-ஆற் பெருக்க 2400 வாட்டு-மணி. வெறுங்கைப்பேசியை நிரப்ப இதில் நூற்றில் ஒரு பங்கே போதும்! யானைக்கு முன் வைத்த எள்ளுருண்டை.

ஓட்டுநர், உதவியாளர் ஆகிய இருவரின் கைப்பேசிகளுக்கு 50; ஐந்து வாட்டு விளக்கு நான்கு மணி நேரம் எரிய 20; பதினைந்து வாட்டு விசிறி எட்டு மணி நேரம் சுழல 120. ஓரிரவின் முழுச்செலவு 190 வாட்டு-மணி. இதில் பெருந்தீனி தின்பது விசிறியே என்பதையும் பார்த்துக்கொள்க. மறுநாள் பொறி ஓடத் தொடங்கியதும் மின்னாக்கி இதைத் திருப்பித் தந்துவிடும். நாள்தோறும் ஓடும் வண்டியில் கைப்பேசிக்கென்று பெருஞ்செலவு செய்யத் தேவையே இல்லை.

பின், அந்த இன்வெர்ட்டர் எதற்கு? அதன் வேலையைத் தமிழிற் சொன்னாலே அதன் வீண்மை விளங்கும். மின்கலத்திலிருந்து வருவது நேரோட்டம். கைப்பேசிக்கு வேண்டியதும் நேரோட்டமே. இடையில் நின்று அப்பெட்டி 24 வோல்ட்டு நேரோட்டத்தை 230 வோல்ட்டு மாறோட்டமாக்குகிறது. பிறகு அதில் செருகிய மின்னேற்றி அந்த 230-ஐ மீண்டும் நேரோட்டமாக்கி 5-க்கோ 9-க்கோ இறக்குகிறது. கிணற்றுநீரை மலையுச்சிக்குச் சுமந்து, அங்கிருந்து வாய்க்கால் வெட்டிக் கிணற்றடித் தொட்டிக்கே கொணர்வது போன்றது இது. ஏறும்போதும் சிந்தும், இறங்கும்போதும் சிந்தும். இதனினும் கொடியது, அது சும்மா இருக்கும்போதும் தின்பது. எதுவும் மாட்டாதபோதே சிறு பெட்டிகள் சில வாட்டும் பெரியவை பத்து வாட்டுக்கு மேலும் இழுக்கின்றன. பத்து வாட்டு இழுக்கும் பெட்டியைப் பத்து மணி நேரம் அணைக்காமல் விட்டால் 100 வாட்டு-மணி போயிற்று. நான்கு கைப்பேசிக்கான உணவு. மேலும், இரும்பறைக்குள் 230 வோல்ட்டை வைத்துக்கொண்டு மழையில் நனைந்த கையோடு படுப்பதும் அறிவுடைமையாகாது.

நேரோட்டத்திலிருந்து நேரே நேரோட்டத்துக்கு இறக்கும் சிறு யூ.எசு.பி. மின்னேற்றி சில நூறு உரூபாவுக்குக் கிடைக்கிறது. மடிக்கணினிக்கும் இன்று இவ்வழி உண்டு. சி வகைச் செருகியுள்ள மடிக்கணினிக்கு 65 வாட்டு தரும் ஊர்தி மின்னேற்றிகள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 திசம்பர் 28 முதல் விற்கும் புதுக் கைப்பேசிகளுக்கு இச்செருகியே சட்டமாகிவிட்டது. ஆளுக்கொரு கம்பியாகச் சுமந்த தொல்லை இனிக் குறையும்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் எழுத்தெண்ணிப் பார்த்தல் வேண்டும். '12–24 வி' என்று இருத்தல் வேண்டும். வெறும் '12 வி' என்று எழுதியது மகிழுந்துக்கும் மூடுந்துக்கும் உரியது. சரக்குந்தில் பொறி ஓடும்போது மின்னழுத்தம் 28 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அதில் இதை மாட்டினால் புகைந்துவிடும். சிலபோது கைப்பேசியையும் உடன்கொண்டு போகும்.

இதற்கு அஞ்சிப் பட்டறைகளில் ஒரு குறுக்குவழி செய்கின்றனர். இரண்டு மின்கலங்களில் ஒன்றின் இரு முனைகளிலிருந்து மட்டும் கம்பி எடுத்து, 12 வோல்ட்டுக் கருவிகளை அதில் மாட்டிவிடுகின்றனர். அன்றைக்கு வேலை நடந்துவிடும். ஆனால் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது விளங்கும்: ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்றை மட்டும் இரவெல்லாம் செக்கிழுக்க விட்டுக் காலையில் இரண்டையும் ஏரில் பூட்டினால் என்னாகும்? ஒன்று குறையாக இறங்கியிருக்கும், மற்றது நிறைந்திருக்கும். மின்னாக்கி இரண்டையும் சேர்த்தே நிரப்புவதால், நிறைந்தது மேலும் மேலும் ஏற்றப்பட்டுக் கொதிக்கும். குறைந்தது ஒருநாளும் நிறையாது. ஓராண்டில் இரண்டும் கெடும். "கலம் நல்லதில்லை" என்று விற்றவரை ஏசுவோம். குற்றம் கம்பியில் இருந்தது.

உருகியைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். 'பியூசு' என்பது எவருக்கும் எதையும் உணர்த்தாத ஒலி. 'உருகி' என்று சொன்னமட்டில் அது என்ன செய்யும் என்பது சிறுவனுக்கும் விளங்குகிறது: ஏதம் வந்தால் தான் உருகிப் பிறவற்றைக் காக்கும். மின்கலம் கைப்பேசிக்கு இரண்டு ஆம்பியர் தந்துகொண்டு அமைதியாக இருப்பதைக் கண்டு மயங்குதல் கூடாது. தேய்ந்த கம்பி இரும்பைத் தொட்டால் அதே மின்கலம் பன்னூறு ஆம்பியரை ஒருநொடியிற் கக்கும். கம்பி பழுத்துச் சிவந்து மெத்தையில் தீப்பற்றும். உள்ளே உறங்குபவன் விழிக்கும்முன் அறை புகையால் நிறையும். ஆகலின் நேர்முனையிலிருந்து புறப்படும் கம்பியில், முனைக்கு ஒரு சாணுக்குள் உருகி இருத்தல் வேண்டும். மறுமுனையில், கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் இடைப்பட்ட கம்பிக்குக் காவலில்லை. சிறு மின்னேற்றிக்கு 5 ஆம்பியர் உருகி போதும். எரிந்த உருகிக்கு மாற்றாகச் செப்புக்கம்பி சுற்றுபவனைத் தோழனென்று எண்ணாதீர்.

இனி, 'பவர் பாங்க்' என்று விற்கும் கையடக்க மின்கலப் பேழை. 1991-இல் சப்பானில் விற்பனைக்கு வந்த இலித்தியம் மின்கலத்தின் வழித்தோன்றலே இதன் உள்ளிருப்பது. நல்ல கருவிதான்; வண்டியைவிட்டு இறங்கிக் காத்திருக்கும்போது உதவும். ஆனால் அதன்மேல் எழுதிய 10000 என்னும் எண் ஏழையை ஏமாற்றுகிறது. 5000 கொள்ளும் கைப்பேசியை இருமுறை நிரப்பும் என்று எவனும் எண்ணுவான், நிரப்பாது. 10 ஆம்பியர்-மணி என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட்டில் அளந்தது. பெருக்கினால் 37 வாட்டு-மணி. அதை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போதும், கைப்பேசி அதை மீண்டும் இறக்கிக்கொள்ளும்போதும் சிந்தியது போக, மிஞ்சுவது ஒன்றரைக் கைப்பேசிக்கே காணும். ஆம்பியர்-மணியை மட்டும் சொல்லி வோல்ட்டை மறைப்பவன், குடத்தின் வாயகலத்தைக் காட்டி ஆழத்தை மறைப்பவன்.

இவ்விடத்தில் சொல்லாக்க அறிஞர்க்கும் ஒரு சொல். 'சார்ச்' என்னும் பிறசொல்லைக் கடன்வாங்கிய பின்னும் நம் ஓட்டுநன் அதற்கு வினை தேடி ஆங்கிலத்திடம் போகவில்லை. 'ஏறுது' என்றான், 'இறங்கிடுச்சு' என்றான். மேட்டில் ஏறி இறங்கும் தொழிலாளி மின்னாற்றலுக்கும் அதே வினையைத் தந்துவிட்டான். அதனாலன்றோ 'மின்னேற்றம்' என்னும் சொல் ஏட்டிலிருந்து இறங்கியவுடன் வாயில் ஒட்டிக்கொண்டது! உழைப்பவன் வினையைத் தழுவி ஆக்கிய சொல் நிற்கிறது; அவனைக் கேளாமல் ஆக்கிய சொல் அகரமுதலியிலேயே உறங்குகிறது. ஒரு பொருளுக்கு நால்வர் நான்கு சொல் ஆக்கித் தத்தம் சொல்லே சிறந்தது என்று மாதிகையில் மல்லாடுவதிற் பாதி நேரத்தைப் பட்டறையிற் செலவிட்டிருந்தால், இன்று சொல் ஒன்றாகியிருக்கும்.

அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணாற் காண ஒரு சிறு மின்னழுத்தக் காட்டி போதும். காரீயமும் கந்தகக்காடியும் கொண்ட இம்மின்கலத்தை 1859-இல் பிரான்சில் பிளாண்டே ஆக்கினார்; அதன் இயல்பு இன்றும் அதுவே. பொறியை நிறுத்திச் சில மணி நேரம் ஓய்ந்தபின் 24 வோல்ட்டு இணையில் 25.3 காட்டினால் நிறைவு, 24.8 என்றால் முக்காற்பங்கு, 24.4 என்றால் பாதி. வண்டியைத் தூண்டி எழுப்பும் மின்கலத்தில் தகடுகள் மெல்லியவை. நொடிப்பொழுது வெள்ளம்போல் தருவதற்கு ஆனவை. ஊறித் தருவதற்கு ஆனவை அல்ல. ஆகவே முக்காலுக்குக் கீழே இறங்கவிடாமை நன்று. பாதிக்குக் கீழே இறங்கவிடுதல் கூடவே கூடாது. இறங்கிய நிலையிலே கிடக்கவிட்டால் தகட்டின்மேல் உப்புப் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வாராது.

வேற்றுநாட்டுச் செய்தி ஒன்றும் இங்கே பொருந்தும். அமெரிக்காவில் 2008-இன் பொருளியல் வீழ்ச்சிக்குப் பின் வீடிழந்த முதியோர் பலர் மூடுந்துகளில் குடியேறிக் கூலிவேலை தேடி ஊர்ஊராகச் செல்கின்றனர். செசிகா புரூடர் என்பார் 2017-இல் அவர்களைப் பற்றி நூலெழுதினார்; 2020-இல் அது திரைப்படமுமாயிற்று. குளிர்காலத்தில் அரிசோனாப் பாலையிலுள்ள குவார்ட்சைட்டு என்னும் சிற்றூரில் ஆயிரக்கணக்கான ஊர்திவாழ்நர் கூடுகின்றனர். குறைந்த செலவில் விளக்கெரிப்பது, கைப்பேசிக்கு மின்னேற்றுவது ஆகியவற்றை ஒருவர்க்கொருவர் தம் வீட்டுமொழியிலேயே சொல்லிக்கொடுக்கின்றனர். அங்கே எழுபது அகவைக் கிழவியும் ஆம்பியர்-மணிக் கணக்குப் போடுகிறாள். அவளுக்கு இயல்பான அறிவு மிகுதி என்பதன்று கரணியம். ஒட்டுத்தாளும் அவள் நாவும் ஒரே மொழி.

அவர்கள் பெரிதும் நம்பும் கதிரொளிப் பலகை இங்கு யாருக்குப் பயன்படும்? நாள்தோறும் ஓடும் சரக்குந்துக்கு அன்று. மழையில் வேலையின்றி நாட்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் ஆழ்துளைக் கிணற்றுக் குழுவுக்கும், திரும்புசரக்குக்காகக் கிடங்கு வாயிலில் காத்துக் கிடப்போர்க்கும் பயன்படும். 20 வாட்டுப் பலகையொன்று, நல்ல வெயிலில் நாளைக்கு ஐந்து மணி முழுவெயில் என்று கணக்கிட்டு, இழப்புப் போக 70 வாட்டு-மணி தரும். அது கைப்பேசி மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அதனை வண்டியின் பெரிய இணையில் மாட்டாமல், 12.8 வோல்ட்டு 6 ஆம்பியர்-மணி கொண்ட சிறு இலித்திய இரும்புப் பாசுப்பேட்டு மின்கலத்தில் ஏற்றிவைத்தல் நேரிது. இடையில் வைக்கும் ஏற்றக் கட்டுப்படுத்தி அவ்வகைக் கலத்துக்கு உரியதுதானா என்று கேட்டு வாங்குக. பலகையின் கண்ணறைகள் சங்கிலிக் கண்ணிபோலத் தொடுத்தவை. ஒரு மரக்கிளையின் நிழல் ஓர் அறையின்மேல் விழுந்தாலும் மொத்த ஓட்டமும் சுருங்கும். துளையிடும்போது எழும் மண்தூசி நிழலுக்கு உடன்பிறப்பு. காலையில் ஒருமுறை துடைக்க வேண்டும்.

வெயிலும் குளிரும் இலித்தியத்துக்குப் பகை. முகப்புக் கண்ணாடியின்கீழ் வெயில் படும்படி கைப்பேசியை வைத்து மின்னேற்றுவது பலர் வழக்கம். 45 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஏற்றினால் கலம் விரைந்து மூப்படையும், உப்பவும் செய்யும். உப்பிய கலத்தைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. காசுமீரத்துப் பனியில் போவோர் நீர் உறையும் குளிரில் மின்னேற்றாமல், போர்வைக்குள் வைத்துச் சூடேறிய பின் ஏற்றுக.

அறையின் கதவோரம் ஒட்டுவதற்கென அச்சிட்ட சிறு தாள் ஒன்று கூட்ட முடிவில் ஓட்டுநர் ஒவ்வொருவர்க்கும் தரப்படும். அதில் உள்ளவை இவ்வளவே: 'சிவப்பு – நேர்முனை. கறுப்பு – எதிர்முனை. உருகி – 5 ஆம்பியர், முனைக்கு ஒரு சாணுக்குள். மின்னேற்றி – 12–24 வோல்ட்டு. ஒற்றைக் கலத்தில் கம்பி எடுக்காதே. 24.4-க்கு இறங்கினால் நிறுத்து.' பட்டறைக்காரர்கள் பத்துப் பத்தாக எடுத்துச்செல்லலாம்.